கட்சி மாறிய டிரம்மர்கள்: வாசகர் கேள்வி பதில்

மெட்டல் என்கிற அதிரடி ராக் இசையைப் பற்றி, சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "மெட்டல் டிரம்மர் வேறு குழுவுக்குப் போனால் அவர் வாசிப்பும் மாறத்தான் வேண்டும், மாறாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்." அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. கோபமாக வந்தவை, கிண்டலாக வந்தவை, நிஜமாகவே சந்தேகம் கேட்டவை என்று எல்லாவற்றிலிருந்தும் பொறுக்கியிருக்கிறேன். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். வசவுகளைச் சேர்க்கவில்லை, அவை எனக்கே இருக்கட்டும்.

கே: மைக் போர்ட்னாய் டிரீம் தியேட்டர் குழுவில் டிரம்ஸ் வாசித்ததைக் கேட்டுத்தான் நான் மெட்டல் பக்கமே வந்தேன். பிறகு அவர் வைனரி டாக்ஸ் குழுவில் வாசித்ததைக் கேட்டால் ஏதோ பழைய ராக் பாட்டுக்கு வாசிக்கிற மாதிரி இருக்கிறது. அந்தச் சிக்கலான தாளமெல்லாம் எங்கே? மலை மாதிரி இருந்த டிரம்ஸ் செட் எங்கே? இதையும் நியாயப்படுத்துவீர்களா?

ப: தாராளமாக. வைனரி டாக்ஸில் இருப்பது மூன்றே பேர். ரிச்சி கோட்சன் பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கிறார். பில்லி ஷீஹன் பேஸ் என்கிற கனத்த குரல் கிட்டார் வாசிக்கிறார், அதுவும் ஓரமாக நின்று ஒத்து ஊதுகிற பேஸ் இல்லை, இன்னொரு கிட்டாரைப் போல ஓடிக்கொண்டே இருக்கும். 2013ல் வந்த முதல் ஆல்பத்தில் கவனியுங்கள். பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கினால் போதும், அந்த இடைவெளியில் பேஸ் புகுந்துவிடும். அங்கே டிரம்மரும் டாம் என்கிற உருளை டிரம்களை உருட்ட ஆரம்பித்தால் பாட்டு கந்தரகோளமாகிவிடும்.

டிரீம் தியேட்டர் கதையே வேறு. கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்துகொண்டு மூச்சுவிடாமல் ஒரே கோவையை வாசிப்பார்கள். ஏழு எண்ணிக்கையில் தொடங்கிய தாளம் ஐந்துக்குத் தாவி ஒன்பதில் போய் நிற்கும். கேட்கிற நமக்கு அங்கே கைகாட்டி மரம் டிரம்மர்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் ஒரு சிம்பலை, அதாவது உலோகத் தட்டை, அடித்து "இங்கே, இங்கே" என்று சொல்லாவிட்டால் பாதி வழியில் தொலைந்துபோவோம். அத்தனை டாமும் அத்தனை சிம்பலும் அந்த வேலைக்கு வேண்டியிருந்தன.

அந்த மலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டிரீம் தியேட்டர் நாட்களில் அவர் வைத்திருந்த செட்களில் ஒன்றுக்கு 'சயாமீஸ் மான்ஸ்டர்' என்று பெயர். இரண்டு செட்களை ஒட்டிவைத்தது அது. ஒன்று நீங்கள் சொல்கிற பெரியது. ஒட்டியிருந்த இன்னொன்று, லெட் செப்பலின் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹம் பாணியில் அமைந்த சின்னது. பாட்டுக்குத் தகுந்தபடி சின்னதுக்கு மாறிக்கொள்வார். வைனரி டாக்ஸில் நீங்கள் கேட்கிற ஆள் அன்றைக்கே அந்த மேடையில் இருந்திருக்கிறார். நாம் பெரிய பக்கத்தையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

ஒரு காரியம் செய்யுங்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ஸ்நேர் என்கிற நடு டிரம்மில் விழுகிற பெரிய அடிகளைக் காதில் வாங்காதீர்கள். அவற்றுக்கு நடுவே, குச்சி முனை தோலைத் தொட்டும் தொடாமலும் போகிற சின்ன அடிகளைத் தேடுங்கள். எங்கள் வட்டாரத்தில் இதை 'கோஸ்ட் நோட்' என்போம். டிரீம் தியேட்டரில் இவை கிட்டார் சத்தத்துக்கு அடியில் புதைந்து கிடந்தன. இங்கே வெளியே வந்திருக்கின்றன. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் ஒற்றைப்படைத் தாளத்தை ஒரு மாதத்தில் எண்ணப் பழகிவிடுகிறார்கள். இந்தச் சின்ன அடி ஒழுங்காக வருவதற்குள் தலைமுடி கொட்டிவிடுகிறது, அவர்களுக்கு இல்லை, எனக்கு.

அதற்காக அவர் தொட்ட எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அவர் வாசித்த அட்ரினலின் மாப் குழு எனக்கு ஒட்டவே இல்லை. கிட்டார் எதை அடிக்கிறதோ அதையே டிரம்ஸும் அடித்துக்கொண்டு போகிறது. அந்த நாற்காலியில் யாரை உட்காரவைத்திருந்தாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்திருக்கும்.

கே: 2010ல் போர்ட்னாய் விலகியபோது 'துரோகி' என்றார்கள். பதிலுக்கு வந்த மைக் மாஞ்சினியை 'எந்திரம்' என்றார்கள். 2023ல் போர்ட்னாய் திரும்பி வந்ததும் அதே ஆட்கள் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். யார் பக்கம் நியாயம்?

ப: முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவெஞ்ச்ட் செவன்ஃபோல்ட் குழுவின் டிரம்மர் ஜிம்மி சல்லிவன், ரசிகர்களுக்கு 'தி ரெவ்', 2009 டிசம்பரில் இறந்துபோனார். அவருக்கு மிகவும் பிடித்த டிரம்மர் போர்ட்னாய். அதனாலேயே குழுவினர் இவரைக் கூப்பிட்டார்கள். பாதியில் நின்ற ஆல்பத்துக்கு இவர் வாசித்தார், அந்த ஆண்டு மேடைகளிலும் வாசித்தார். இதற்கிடையே டிரீம் தியேட்டரைக் கொஞ்ச காலம் ஓய்வில் வைக்கலாம் என்று கேட்டார், மற்றவர்கள் சம்மதிக்கவில்லை, செப்டம்பரில் விலகினார். டிசம்பரில் அவெஞ்ச்ட் செவன்ஃபோல்டும் அவரிடமிருந்து பிரிந்துவிட்டது. 1985ல் பெர்க்லி இசைக் கல்லூரியில் படிக்கும்போது நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய குழுவும் கையில் இல்லை, புதியதும் இல்லை. ரசிகர்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கும் அவர் கைக்கும் சம்பந்தம் இல்லை. அவர் எடுத்த முடிவின்மேல் கோபம். அதை அவர் வாசிப்பின்மேல் இறக்கிவைத்தார்கள்.

மாஞ்சினி விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஏழு டிரம்மர்களை வரவழைத்துத் தேர்வு வைத்து எடுத்த ஆள். கைவேகத்தில் மட்டும் நிமிடத்துக்கு 1,200 அடிக்கு மேல் போய்ச் சாதனை படைத்தவர், பெர்க்லியில் ஆசிரியராக இருந்தவர். 2011ல் அவருடைய முதல் டிரீம் தியேட்டர் ஆல்பம் வந்தது. "உயிரே இல்லை, எழுதிவைத்ததை ஒப்பிக்கிறார்" என்றார்கள். ஒரு வகையில் அது சரிதான். அந்தப் பாட்டுகளுக்கான டிரம்ஸ் பகுதிகளை கிட்டாரிஸ்ட் ஜான் பெட்ரூச்சிதான் கணினியில் அமைத்துவைத்திருந்தார். மாஞ்சினி வந்து அதை எடுத்து வாசித்தார். எழுதியவரை விட்டுவிட்டு வாசித்தவரைத் திட்டினால் என்ன செய்வது? பின்னால் வந்த ஆல்பங்களில் அவர் கை தனியாகத் தெரிய ஆரம்பித்தது. டிரீம் தியேட்டருக்கு முதல் கிராமி விருது கிடைத்தது 2022ல். டிரம்ஸில் உட்கார்ந்திருந்தவர் மாஞ்சினி. இதைச் சொன்னால் போர்ட்னாய் ரசிகர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

போர்ட்னாய் திரும்பி வந்தது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மாஞ்சினியை மட்டம் தட்டித்தான் அந்தச் சந்தோஷத்தைக் காட்ட வேண்டுமா?

கே: மெட்டல் டிரம்மர்கள் ஏன் சட்டையே போடுவதில்லை?

ப: மேடை விளக்கு அத்தனையும் தலைக்கு மேல் எரிய, ஒன்றரை மணி நேரம் நான்கு கைகால்களையும் ஓயாமல் ஆட்டிப் பாருங்கள். கேள்வியை நீங்களே வாபஸ் வாங்கிவிடுவீர்கள்.

கே: 2024ல் எந்த டிரம்மர் எந்தக் குழுவை விட்டு எங்கே போனார் என்றே புரியவில்லை. வரிசையாகச் சொல்லுங்களேன். அப்புறம், ஜாஸ் வாசிக்கிற ஒரு சின்னப் பையனை செபுல்துராவில் உட்காரவைத்தார்களே, அது அடுக்குமா?

ப: வரிசை இதுதான். 2023 நவம்பரில் ஸ்லிப்நாட் குழு ஜே வைன்பெர்க்கை அனுப்பிவிட்டது. 2024 பிப்ரவரியில் எலாய் காசாகிராண்டே செபுல்துராவை விட்டு விலகினார். அவர் விலகிய நேரம்தான் ரசிகர்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செபுல்துராவின் விடைபெறும் பயணம் மார்ச் 1 அன்று அவர்கள் சொந்த ஊரான பெலோ ஹொரிசோன்ட்டேயில் தொடங்க இருந்தது. ஒத்திகைக்குச் சில நாட்களே இருந்தன. அந்த இடத்துக்கு, சூசைடல் டெண்டன்சீஸில் வாசித்துக்கொண்டிருந்த கிரேசன் நெக்ரட்மன் வந்தார். அவர் விட்டுப்போன நாற்காலியில் வைன்பெர்க் உட்கார்ந்தார். ஏப்ரல் கடைசியில் ஸ்லிப்நாட் தன் புது டிரம்மர் காசாகிராண்டே என்று அறிவித்தது. வட்டம் முடிந்தது.

இனி உங்கள் 'அடுக்குமா'வுக்கு வருகிறேன். நெக்ரட்மன் பெயர் பரவியது பழைய ஸ்விங் ஜாஸ் காலத்து டிரம்மர் பட்டி ரிச் பாணியில் அவர் வாசித்த காணொளிகளால்தான். அதைப் பார்த்துவிட்டு "இவரா செபுல்துராவுக்கு?" என்று கேட்டவர்கள் நிறைய. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: பிளாக் சபாத்தின் பில் வார்டைக் கேட்டிருக்கிறீர்களா? மெட்டல் என்ற சமாசாரமே 1970ல் வந்த அந்த முதல் ஆல்பத்திலிருந்துதான் தொடங்கியது என்று பாதிப் பேர் சொல்வார்கள். அதில் டிரம்ஸ் வாசித்தவர் ஜீன் க்ருப்பா என்ற ஜாஸ் டிரம்மரைக் கேட்டு வளர்ந்தவர். தாளம் போட்டுக்கொண்டே இருக்கிற அவருடைய ரைட் சிம்பலை மட்டும் தொடர்ந்து கேளுங்கள், ஆணி அடித்த மாதிரி நேராகப் போகாது, ஆடி ஆடிப் போகும். அது ஜாஸ் கை. அதை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டுகளில் பாதி கனம் போய்விடும். ஜாஸ்காரர் மெட்டலுக்கு வந்தால் அது பிறந்த வீட்டுக்கு வந்த கணக்கு.

ஜாஸ் பழகிய கைக்கு ஒரு லாபம் உண்டு. குச்சியை அவர்கள் ஓங்குவதில்லை. தோலில் பட்டுத் துள்ளி எழுகிற குச்சியை விரல்களால் பிடித்து மறுபடி இறக்குவார்கள், முழங்கை அசைவதே தெரியாது. வேகம் கூடும்போது தோளால் அடிப்பவர் களைத்துப்போவார், விரலால் அடிப்பவர் சிரித்துக்கொண்டிருப்பார். நெக்ரட்மன் வேகமான இடங்களில் சிரமமே இல்லாமல் போவதற்கு இதுதான் காரணம். ஆனால் செபுல்துராவுக்கு வேகம் மட்டும் போதாது. 1993லும் 1996லும் வந்த இரண்டு ஆல்பங்களில் அன்றைய டிரம்மர் இகோர் கவலேரா டாம்களில் ஒரு நடையைக் கட்டிவைத்திருக்கிறார், பிரேசில் தாளத்தின் ஆட்டம் அதற்குள் இருக்கும். அதற்குக் கனம் வேண்டும். என் காதுக்கு நெக்ரட்மனின் கை அதைப் பிடித்துவிட்டது, கால் இன்னும் கொஞ்சம் இறங்கி அடிக்கலாம். காசாகிராண்டேயின் காலைக் கேட்ட காதோடு கேட்கிறோம், அதனால் அப்படித் தோன்றுகிறது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

காசாகிராண்டேக்கு வேறு மாதிரிச் சோதனை. ஸ்லிப்நாட் 1999ல் வந்த தங்கள் முதல் ஆல்பத்தின் 25ஆம் ஆண்டை 2024ல் கொண்டாடியது, அமெரிக்கப் பயணத்தில் அந்த ஆல்பத்துப் பாட்டுகளைத்தான் வாசித்தார்கள். அதாவது, புது ஆள் வந்ததுமே அந்த ஆல்பத்தின் டிரம்மர் ஜோயி ஜார்டிசனின் வாசிப்பை ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும், எதிரே நிற்பவர்களுக்கோ ஒவ்வொரு அடியும் மனப்பாடம். போதாக்குறைக்கு அந்தக் குழுவில் தாளக்கருவி வாசிக்க இன்னும் இருவர் இருக்கிறார்கள், பீப்பாய்களை அடிக்க. அவர்கள் எங்கே விழுகிறார்கள் என்று பார்த்துத் தன் ஸ்நேரை வைக்க வேண்டும். காசாகிராண்டே இதையெல்லாம் சுலபமாகச் செய்கிறார். ஒவ்வொரு அடியும் ஒரே எடை, இடதுகை எது வலதுகை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஜோயியிடம் அப்படி இருக்காது. அவர் அடி எப்போதும் அரை மூச்சு முந்திக்கொண்டு விழும், சண்டைக்கு ஓடுகிற மாதிரி. "ஜோயியே திரும்பி வந்துவிட்டார்" என்று எழுதியிருந்த வாசகரோடு இந்த இடத்தில் நான் உடன்படவில்லை. இவர் நன்றாக வாசிக்கிறார், வேறு மாதிரி வாசிக்கிறார்.

வைன்பெர்க்கை எல்லோரும் மறந்துவிட்டார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. 2009ல் தன் அப்பா மேக்ஸ் வைன்பெர்க்குக்குப் பதிலாக ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் மேடையில் உட்கார்ந்தவர், அப்புறம் பங்க், ஹார்ட்கோர் என்ற முரட்டு ராக் வகைகளில் சுற்றிவந்தவர். சூசைடல் டெண்டன்சீஸின் துள்ளல் நடைக்கு மூவரில் பொருத்தமான ஆள் அவர்தான் என்பேன்.

கே: ஜோயி ஜார்டிசன் ஸ்லிப்நாட்டை விட்டபின் தொடங்கிய குழுக்களில் பழைய வெறி இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

ப: 2013 டிசம்பரில் அவர் ஸ்லிப்நாட்டில் இல்லை என்ற அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டே அவருடைய ஸ்கார் த மார்ட்டர் குழுவின் ஆல்பமும் வந்திருந்தது. வேகம் குறைவு, கால் அடக்கம். "பணம் வந்துவிட்டது, பசி போய்விட்டது" என்று பேசினார்கள்.

2016ல் லண்டனில் ஒரு விருது விழா மேடையில் அவரே காரணத்தைச் சொன்னார். தண்டுவடத்தைத் தாக்குகிற நோய், கால்கள் சொன்னபடி கேட்காமல் போயின. மருத்துவமும் உடற்பயிற்சியுமாகப் போராடித் திரும்ப வந்திருக்கிறார். அதே ஆண்டு சின்சேனம் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. அதைப் போட்டுக் கேளுங்கள், மெட்டலிலேயே கடுமையான டெத் மெட்டல் வகை, டபுள் பேஸ், அதாவது இரண்டு கால் உதை, நிற்காமல் ஓடும். காலையே இழந்துவிடுவோமோ என்றிருந்த மனிதன் வாசித்தது அது. 2021 ஜூலையில், 46 வயதில் போய்விட்டார். உங்கள் நண்பர்களுக்கு இந்த ஆல்பத்தை அனுப்பிவையுங்கள், வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

கே: புதிய குழுவில் ஒரு டிரம்மர் டிரிக்கர் போட்டு வாசிக்கிறார். இது ஏமாற்று வேலைதானே?

ப: தெரியாதவர்களுக்கு: காலால் உதைக்கிற பேஸ் டிரம்மின் விளிம்பில் ஒரு சின்ன உணரியைக் கவ்வவைப்பார்கள். கால் அடித்ததும் அது சமிக்ஞை அனுப்பும், பதிவுசெய்து வைத்த ஒரு 'டக்' வெளியே வரும். எதற்கு? நிமிடத்துக்கு 240 தாள அடி என்ற வேகத்தில் ஒரு அடிக்கு நான்கு உதை என்றால் விநாடிக்கு 16 உதை. அந்த வேகத்தில் எந்தக் காலுக்கும் பலமாக உதைக்க நேரம் இருக்காது, மைக்கில் வெறும் முணுமுணுப்புத்தான் கேட்கும். டிரிக்கர் அந்தச் சத்தத்தைத் தெளிவாக்கித் தருகிறது. ஆனால் நேரம் தவறி விழுந்த உதையை அது திருத்தாது. தவறியதையும் அதே தெளிவோடு ஊருக்கே கேட்கவைத்துவிடும். இடதுகால் நொண்டுகிற டிரம்மருக்கு டிரிக்கர் நண்பன் இல்லை.

எனக்குப் பிடிக்குமா என்றால், பிடிக்காது. எல்லா உதையும் ஒரே 'டக்' என்றால் சலித்துவிடுகிறது. அது என் ரசனை, குற்றச்சாட்டு இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் அடிகளைக் கணினியில் இழுத்து நேராக வைக்கிறார்களே, ஏமாற்று வேலை என்று திட்ட வேண்டுமானால் அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

கே: ஒரே டிரம்மர், புது ஆல்பத்தில் சத்தமே வேறு. கை மாறிவிட்டதா?

ப: பெரும்பாலும் மாறியது கை இல்லை, தோலும் மைக்கும் ஒலிப்பதிவாளரும்தான். இதற்குப் பெயர்போன உதாரணம் மெட்டாலிகாவின் 2003 ஆல்பம். ஸ்நேருக்கு அடியில் மெல்லிய கம்பிச் சுருள்கள் ஒரு வரிசை இருக்கும். அவை கீழ்த் தோலை ஒட்டி அதிர்வதால்தான் அந்த 'ச்ச்' என்ற சத்தம் வருகிறது. ஒரு சின்ன நெம்புகோலைத் தட்டினால் கம்பிகள் விலகிவிடும், மிச்சம் இருப்பது தகர டின் சத்தம். டிரம்மர் லார்ஸ் உல்ரிக் அப்படி விலக்கியபடியே வாசித்தார், ஆல்பம் முழுக்க 'டங் டங்'. இருபது வருஷத்துக்கு மேலாகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். பாட்டுகள் தேவைக்குமேல் நீளம் என்பதுதான் அதில் எனக்குப் பெரிய குறை, ஆனால் அந்த டங்குக்கு முன்னால் யாரும் அதைப் பேசுவதில்லை.

கே: ஸ்லேயரின் டேவ் லொம்பார்டோ போகாத குழு இல்லை. இப்படி மாறிக்கொண்டே இருப்பவருக்குத் தனக்கென்று ஒரு பாணி எப்படி இருக்க முடியும்?

ப: வந்த கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் பதில் நேர் எதிர்.

லொம்பார்டோ ஹவானாவில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். 1986ல் ஸ்லேயரின் மூன்றாவது ஆல்பம் வந்தது, மொத்தம் அரை மணி நேரம்கூட இல்லை. அதன் முதல் பாட்டில் எல்லாக் கருவிகளும் நின்றுபோய், இரண்டு கால் உதை மட்டும் தனியாகச் சில நொடி ஓடும். மெட்டல் டிரம்ஸ் பழகுகிற எவரும் அந்தச் சில நொடிக்காகவே ஒரு வருஷத்தைத் தொலைத்திருப்பார்கள். 1992ல் விலகினார். 1995ல் கிரிப் இன்க் என்ற குழுவோடு வந்தார், அங்கே டாம்களில் வேறொரு நடை கிளம்பியது. 1999ல் ஃபான்டமாஸ். அதன் முதல் ஆல்பத்தில் 30 துண்டுகள், பாட்டு என்றே சொல்ல முடியாது. பாடகர் மைக் பாட்டன் கத்துவார், நிறுத்துவார், முனகுவார், டிரம்ஸ் அந்தந்த நொடியில் கூடவே நின்று கூடவே பாய வேண்டும். ஸ்லேயர் ரசிகர்களில் பலருக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "இவ்வளவு நல்ல ஆளை வீணடிக்கிறார்கள்" என்ற புலம்பலை நானே என் குழு நண்பர்களிடம் நிறையக் கேட்டிருக்கிறேன். பிறகு ஸ்லேயருக்கே திரும்பினார், 2013ல் அங்கிருந்து மறுபடி வெளியே. 2016ல் சூசைடல் டெண்டன்சீஸ், 2017ல் டெட் கிராஸ் குழுவின் ஆல்பம், நடுவில் டெஸ்டமெண்ட் குழு. 2023ல், 58 வயதில், முதல் தனி ஆல்பம் போட்டார், முழுக்க முழுக்கத் தாளக்கருவிகள்.

இத்தனைக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? அவர் வாசிப்பு முன்னால் சாய்ந்தே இருக்கும். தாளத்தை விட்டு ஓட மாட்டார், ஆனால் ஒவ்வொரு ஸ்நேர் அடியும் விழவேண்டிய இடத்தின் முன் விளிம்பில் விழும். கேட்கிற உடம்பு தானாக முன்னால் சாயும். ஸ்லேயரின் அவசரம் கிட்டாரிலிருந்து வந்தது என்று நினைப்பவர்கள், அவர் இல்லாத காலத்து ஸ்லேயரையும் கேட்டுப் பார்க்கலாம். அப்போது வாசித்த பால் போஸ்டஃப் மிகத் துல்லியமான டிரம்மர், அவர் அடி சரியாக நடுவில் விழும். அதே மாதிரிக் கிட்டார்தான், பாட்டு மட்டும் ஓடுவதை விட்டுவிட்டு அணிவகுத்துப் போகிற மாதிரி ஆகிவிடும். அதை விரும்புகிறவர்களும் உண்டு.

இன்னொன்று, அவர் உருட்டல் எதையும் முன்கூட்டியே பூட்டிவைப்பதில்லை. ஒரே பாட்டின் நான்கு மேடைப் பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் திருப்பங்களில் நான்கு விதமாக உருட்டுவார். ஃபான்டமாஸ் அவரைக் கெடுக்கவில்லை. அந்தச் சுதந்திரத்தைக் கூட்டித்தான் அனுப்பியது. 1986 ஆல்பத்தையும் டெட் கிராஸையும் அடுத்தடுத்து போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். யார் என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கே: பிடித்த டிரம்மர் புதுக் குழுவில் சேர்ந்து முதல் பாட்டு வந்ததும் அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். எப்படித்தான் கேட்பது?

ப: முதலில் வெளியாகிற பாட்டை நம்பாதீர்கள், அது விளம்பரத்துக்காகப் பொறுக்கியது. ஆல்பத்தில் இருப்பதிலேயே மெதுவான பாட்டைத் தேடிப் பிடியுங்கள். வேகத்தில் எதையும் ஒளித்துவைக்கலாம், 70, 80 வேகத்தில் முடியாது. இரண்டு அடிகளுக்கு நடுவே உள்ள வெறுமையை டிரம்மர் எப்படிக் கடக்கிறார் என்று அங்கே தெரியும். அப்புறம், குழு நாலைந்து மாதம் சேர்ந்து பயணம் போய்வந்தபின் எடுத்த மேடைப் பதிவு ஒன்று. ஒலிப்பதிவின்போது பல டிரம்மர்களுக்கு மற்றவர்களோடு பழக்கமே ஏற்பட்டிருக்காது. தனி ஆவர்த்தனம் இருந்தால் அதைக் கடைசியாகக் கேளுங்கள், அல்லது கேட்காமலே விட்டுவிடுங்கள்.

கே: அண்ணா, என் தம்பிக்கு 13 வயது. காசாகிராண்டே வாசிப்பதைப் பார்த்துவிட்டு டபுள் பெடல் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வாங்கித் தரலாமா?

ப: ஒற்றைக்காலில்தானே நிற்கிறான், ஒரே காலால் மிதிக்கிற ஒற்றைப் பெடலே போதும். கிண்டல் இல்லையம்மா. அயர்ன் மெய்டனின் நிக்கோ மெக்பிரெயின் 1982 முதல் 2024 டிசம்பரில் மேடைப் பயணங்களிலிருந்து ஓய்வு பெறும்வரை, ஒரே ஒரு பாட்டைத் தவிர, ஒற்றைப் பெடலிலேயே காலம் தள்ளினார். அந்தக் குதிரை ஓட்ட நடையெல்லாம் ஒரே வலதுகால். அவர் இடத்தில் சைமன் டாசன் வந்தபோது ரசிகர்கள் உற்றுப் பார்த்ததும் முதலில் அவர் காலைத்தான்.

தம்பியை, மெட்ரோனோம் என்கிற தாளக் கடிகாரத்தை 60ல் வைத்து, ஐந்து நிமிடம் வலதுகாலால் மட்டும் சீராக உதைக்கச் சொல்லுங்கள், பிறகு ஐந்து நிமிடம் இடதுகால். இரண்டையும் கைப்பேசியில் பதிவுசெய்து உங்களுக்குப் போட்டுக் காட்டட்டும். எது எந்தக் கால் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாத அன்றைக்கு வாங்கிக் கொடுங்கள். அதுவரை ரப்பர் பயிற்சிப் பலகைதான். வீட்டில் மற்றவர்களும் தூங்க வேண்டும் இல்லையா?